மலைக் கலாசாலைகளும் மலையேற்றமும்

மலைமேல் வசிக்கும் மாணாக்கர்களுக்கு மலையேறக் கற்பிக்க வேண்டும் என்று நாம் எழுதத் தொடங்கினால், மீனுக்கு நீந்தக் கற்பிப்பதா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பது எளிது. ஆனால் நாம் கேட்கும் கேள்விக்கு அவர்கள் விடை கூறட்டும். உதகமண்டலத்திலோ, கூடலூரிலோ, வால்பாறையிலோ, கொடைக்கானலிலோ படிக்கும் ஒரு வாலிபன், தன் வகுப்பின் ஜன்னல் வழியே நாள்தோறும் காணும் சிகரத்தின்மீது, தக்க துணையோடும் தக்க கருவிகளோடும், வரைபடமும் திசைகாட்டியும் கையிலேந்தி, படிப்புக் காலம் முடிவதற்குள் ஒரு முறையாவது ஏறி இறங்கியிருப்பானா? கயிற்றில் நம்பத்தக்க முடிச்சு ஒன்று போடவும், கால் முறிந்த தோழனைப் பத்திரமாகச் சுமந்து வரவும், மூடுபனியில் வழி தவறினால் பதறாமல் நின்ற இடத்தில் நிற்கவும் அவனுக்கு எவரேனும் சொல்லிக் கொடுத்ததுண்டா? தேசிய மாணவர் படையில் இடம் கிடைத்த சிலருக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கலாம். மற்றப் பெரும்பாலோருக்கு மலை என்பது பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் கண்ணில் பட்டு மறையும் காட்சி, அவ்வளவே.

இதற்கு மாறாக, சமவெளியிலிருந்து மலைக்கு வருவோரின் தொகையோ ஆண்டுதோறும் பெருகி வருகிறது. வாகனங்களின் நெருக்கம் தாங்க முடியாமற் போய், சென்னை உயர்நீதிமன்றமே தலையிட்டு, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருவோர் முன்கூட்டி அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்று ஏற்பாடு செய்யும்படி ஆயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார், 14 ஜில்லாக்களில் 40 மலைப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் செலுத்தி வருவோரைப் பழங்குடி வாலிபர்களின் வழித்துணையோடு அழைத்துச் செல்லும் திட்டமொன்றைத் தொடங்கினர். இதை நாம் மனமார வரவேற்கிறோம். காட்டை அறிந்தவனுக்கு அந்த அறிவாலேயே கூலி கிடைப்பது நியாயம். ஆனால் ஒன்று கேட்கிறோம். பட்டணத்திலிருந்து பணம் கட்டி வருகிறவர் சிகரத்தின்மேல் நின்று களிக்கும்போது, அடிவாரத்துத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலும், படுகர் ஹட்டியிலும், தோடர் மந்திலும் பிறந்து வளர்ந்து கலாசாலை வரையில் எட்டிப் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சிகரத்தில் என்ன பங்கு? சுமை தூக்கும் பங்கும் தேநீர் விற்கும் பங்கும் மட்டுமா?

இக்கேள்வி புதிதன்று. 1819-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் ஸல்லிவன் துரை நீலகிரி ஏறினார். 1822-இல் உதகையில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். பிறகு உதகை, சென்னை அரசாங்கத்தின் கோடைத் தலைநகராயிற்று. துரைமார் தங்களுக்கென்று சங்கம் வைத்துக் கொண்டனர். வென்லாக் புல்வெளியில் நாய்களை ஏவிக் குதிரைமேல் வேட்டையாடினர். ஏரியில் படகு விட்டனர். நம்மவருக்கோ குதிரையைப் பிடித்து நிற்கும் வேலையும், மூட்டையைச் சுமக்கும் வேலையும் கிடைத்தன. இன்று அந்தக் கல் பங்களாக் குன்றின்மேல்தான் 1955-இல் ஏற்பட்ட அரசு கலைக் கல்லூரி நடந்து வருகிறது. துரையின் குன்று நம் பிள்ளைகளின் குன்று ஆயிற்று என்பதில் நமக்குப் பெருமையே. ஆயினும் மலையின் சுகம் ஒருவனுக்கு, மலையின் சுமை மற்றொருவனுக்கு என்ற அந்நாளைய ஏற்பாடு, துரைமார் கப்பலேறிப் போன பின்னும் வேறு வேஷம் பூண்டு தொடர்கிறதோ என்று நாம் அஞ்சுகிறோம்.

'அபாயம்' என்ற ஒரு சொல்லைச் சொல்லி இப்பேச்சை அடக்கிவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் சுட்டிக் காட்டும் உதாரணம் குரங்கணி. 2018 மார்ச் 11-ஆம் தேதி, தேனி ஜில்லாவில், கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் இடையேயுள்ள சரிவில் காய்ந்த புல் பற்றி எரிந்தபோது, சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் நடைப்பயணம் வந்திருந்த கூட்டத்தார் அதில் அகப்பட்டு, 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தை நாடு மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அதன் பயனாக அவ்வாண்டே மலைப் பயணத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. விதிகள் அவசியமே. ஆனால் குரங்கணி போதிக்கும் பாடம் அனுமதிச் சீட்டோடு முடிந்துவிடுவதா? சரிவில் பற்றிய தீ, மேல்நோக்கி மனிதன் ஓடுவதைக் காட்டிலும் விரைந்து ஓடும் என்பதையும், எரிந்து கருகிப்போன தரையே அவ்வேளையில் புகலிடம் என்பதையும், காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்த்தே காலெடுத்து வைக்கவேண்டும் என்பதையும் மலைநாட்டு மாணாக்கன் ஒவ்வொருவனும் அறிந்திருக்க வேண்டாமா? செய்தி கேட்டு முதலில் மலையேறி ஓடியவர்கள் யார்? சுற்றுவட்டாரத்துக் கிராமவாசிகளும் தோட்டத் தொழிலாளருமே அல்லரோ? காப்பாற்றப் போகிறவன் அவனே என்றால், அவனுக்குப் பயிற்சி அளிக்காமல் விடுவது என்ன நியாயம்?

இன்னொரு துயரத்தையும் சொல்வோம். 2014 ஜூன் 8-ஆம் தேதி ஹிமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதியில் ஹைதராபாத் மாணாக்கர் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டனர். அவர்கள் சிகரம் ஏறப் போனவர்களல்லர். வீரச் செயல் புரியப் போனவர்களுமல்லர். உல்லாசப் பயணம் போன வழியில் ஆற்றின் பாறைகள்மேல் நின்று படம் எடுத்துக் கொண்டிருந்தனர். மேலேயிருந்த அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது, கரையேற அவகாசமில்லை. அவ்வழக்கில் ஹைகோர்ட்டு, மின்சார வாரியத்தை மட்டுமன்றி, கலாசாலையையும் மாநில சர்க்காரையும் பொறுப்பாக்கி, இறந்த ஒவ்வொருவரின் பெற்றோருக்கும் 20 லட்ச ரூபாய் நஷ்டஈடு வழங்கச் சொல்லிற்று. மலையாற்றின் குணம் அறிந்த ஒருவர், 'அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்காதே' என்று சொல்ல அருகிலிருந்தால் அந்த 24 உயிர்களும் பிழைத்திருக்கலாமே! அவர்களைக் கொன்றது துணிவா, அறியாமையா?

சட்டம் பயின்றவர் என்ற முறையில் நாம் ஒன்று கூற விரும்புகிறோம். மாணாக்கரை வெளியே அழைத்துச் சென்றால் நாளைக்கு வழக்கு வருமே என்று ஆசிரியர்கள் நடுங்குவதை நாம் அறிவோம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவிலிருந்து, 2024 ஜூலை முதல் பாரதீய நியாய சன்ஹிதையின் 106-ஆம் பிரிவுக்கு வந்திருக்கும் விதி, விபத்து நேர்ந்ததற்காக ஒருவரையும் தண்டிப்பதில்லை. எடுக்கவேண்டிய ஜாக்கிரதையை எடுக்காத குற்றத்துக்கே தண்டிக்கிறது. பயிற்சி பெற்ற தலைவன், எழுதி வைத்த பயணத் திட்டம், பெற்றோரின் சம்மதம், வானிலை அறிக்கை, முதலுதவிப் பெட்டி, இருட்டுமுன் திரும்பவேண்டும் என்ற கண்டிப்பு, இவையே மாணாக்கனுக்குக் கவசம்; ஆசிரியருக்கும் அவையே கவசம். முறையாகக் கற்பிக்கும் இடத்தில் அஞ்ச வேண்டியதில்லை. கற்பிக்காமல் கதவை மட்டும் பூட்டிவைக்கும் இடத்தில், வாலிபர்கள் கள்ளத்தனமாய்ச் சுவரேறிக் குதித்து அருவிக்குப் போவார்கள். அப்போதுதான் அஞ்ச வேண்டும்.

மலையடிவாரத்துச் சிற்றூர்க் கலாசாலை ஒன்று இவ்விஷயத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்தில், ஹானோவர் என்ற சிற்றூரில், 1769-இல் ஸ்தாபிக்கப்பட்ட டார்ட்மத் கலாசாலை உள்ளது. குளிர்காலம் முழுதும் பனி மூடிக் கிடக்கும் பிரதேசம் அது. மாணாக்கர்கள் அறைக்குள் அடைந்து கிடப்பதே வழக்கமாயிருந்தது. 1909-இல் பிரெட் ஹாரிஸ் என்ற மாணாக்கர், பனியைச் சபிப்பதை விட்டுப் பனிமேல் நடக்கவும் சறுக்கவும் பழகுவோம் என்று மாணவர் பத்திரிகையில் எழுதி ஒரு சங்கம் கூட்டினார். ஆட்சிக் குழுவின் உத்தரவால் பிறந்த சங்கமன்று அது. ஒரு வாலிபனின் கடிதத்தால் பிறந்தது. நூறாண்டுக்கு மேலாகியும் அது நிலைத்திருக்கிறது. அச்சங்கத்தார் காட்டில் குடில்கள் கட்டினர், பாதைகள் வெட்டினர். அப்பலாச்சியன் நெடும்பாதையில் 50 மைலுக்கு மேற்பட்ட பகுதியைப் பழுது பார்த்துக் காக்கும் பொறுப்பு இன்றும் அவர்களுடையது. 1935 முதல், கலாசாலையில் புதிதாய்ச் சேர்வோரை மூத்த மாணாக்கர்களே மலைக்கு அழைத்துச் சென்று வரவேற்கும் வழக்கம் அங்கே உண்டு. முதல் பாடம் புத்தகத்தில் தொடங்குவதில்லை, பாதையில் தொடங்குகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அவர்களுடைய செல்வத்தையன்று. பாதையைச் செம்மை செய்பவனும், பாதையில் நடப்பவனும், பின்வருவோரை நடத்திச் செல்பவனும் மாணாக்கனே என்பதுதான் விசேஷம். பொறுப்பை ஒப்படைத்ததால் பொறுப்பு வளர்ந்தது. அக்கலாசாலையிடம் நாம் பின்பற்றக் கூடாத விஷயமும் ஒன்றுண்டு. அந்நாட்டுப் பழங்குடி வாலிபருக்குக் கல்வி புகட்டுவது என்று சாசனத்தில் எழுதிக் கொண்டு தொடங்கிய அந்த ஸ்தாபனம், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அவர்களை மறந்திருந்து, 1970-இல்தான் அந்த வாக்கை மீண்டும் நினைவு கொண்டது. மாணாக்கியரையோ 1972-இல்தான் சேர்த்தது. நம் மலைகளில் ஏற்படும் சங்கங்கள் முதல் நாளிலேயே தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் வீட்டுப் பிள்ளைகளையும், பெண் மக்களையும் முன்வரிசையில் நிறுத்தித் தொடங்க வேண்டும்.

அவ்வாறு தொடங்க நம் நாட்டிலேயே முன்மாதிரிகள் இல்லாமலில்லை. டென்சிங் நார்கே யார்? 1935 முதல் வெள்ளையருடைய கோஷ்டிகளுக்குச் சுமை தூக்கிச் சென்ற ஷெர்ப்பா. 1953 மே 29-ஆம் தேதி எவரெஸ்டின் உச்சியில் ஹில்லாரியோடு நின்றவர் அவரே. மறு ஆண்டில் டார்ஜிலிங்கில் ஹிமாலய மலையேற்றக் கழகம் ஏற்பட்டபோது, களப் பயிற்சிக்கு முதல் தலைவராக அவரையே அமர்த்தினர். சுமை தூக்கியவன் ஆசானானான். சுதந்தரம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருள் வேண்டுமா? உத்தரகாசி ஜில்லாவில் நகுரி என்ற கிராமத்தில் பிறந்த பச்சேந்திரி பால் அம்மையார், அவ்வூருக்கு அருகிலேயே 1965-இல் ஏற்பட்ட நேரு மலையேற்றக் கழகத்தில் பயின்று, 1984 மே 23-ஆம் தேதி எவரெஸ்டை அடைந்த முதல் இந்தியப் பெண்மணியானார். தெலுங்கு நாட்டில் விவசாயக் கூலி வேலை செய்யும் பெற்றோருக்குப் பிறந்து, சர்க்கார் சமூகநல விடுதிப் பள்ளியில் படித்த மாலாவத் பூர்ணா, போன்கீர்ப் பாறையில் பழகி, டார்ஜிலிங்கில் தேர்ந்து, 2014 மே 25-ஆம் தேதி, 13 வயதில், அதே உச்சியில் நின்றாள். பணம் அவளை ஏற்றவில்லை. ஒரு சர்க்கார்ப் பள்ளியின் நிர்வாகிகள் கொண்ட நம்பிக்கை ஏற்றியது. தெலுங்கு நாட்டில் முடிந்தது தமிழ்நாட்டில் முடியாதா?

எல்லோரும் எவரெஸ்டு ஏறவேண்டும் என்பது நமது கோரிக்கையன்று. மலையில் வாழ்கிறவனுக்கு மலை அறிவு உயிர் காக்கும் கல்வி என்பதே நமது கட்சி. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டு 8-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. 2024 ஜூலை 30-ஆம் தேதி, கூடலூருக்கு அப்பால் வயநாட்டில், முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் புதைந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பாலம் அடித்துச் செல்லப்பட்ட அவ்விடத்தில், கூடலூரைச் சேர்ந்த பெண் செவிலியர் ஒருவர், பொங்கி வந்த ஆற்றின் குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கியபடி, மருந்துப் பெட்டியோடு அக்கரை சேர்ந்து காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தார். தமிழ்நாடு சர்க்கார் அவருக்குக் கல்பனா சாவ்லா விருது அளித்துப் பாராட்டியது. ஒருவருடைய துணிவைப் பாராட்டுவது நன்று. அத்துணிவு நூறு பேரிடம் இருக்கும்படி, அதற்கேற்ற பயிற்சியையும் அளித்து வைப்பது அதனினும் நன்று. சாலை அறுந்து வெளியுதவி வந்து சேரும் வரையில் மலைக் கிராமத்துக்கு உற்ற துணை அவ்வூர்க் கலாசாலை வாலிபரே.

காடு கெடும் என்று சிலர் ஆக்ஷேபிப்பர். புலிகள் காப்பகத்தின் உட்பகுதியிலும், முக்குருத்தி போன்ற தேசியப் பூங்காவிலும் கூட்டம் கூட்டமாய்ப் புகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வகுத்த எல்லையை மதித்தே நடக்க வேண்டும். ஆனால் காட்டைக் கெடுப்பவன் பெரும்பாலும் அதை அறியாதவனே. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சியைக் கொத்தாகப் பறித்து வீசுகிறவனும், சோலையில் பிளாஸ்டிக் பையை எறிகிறவனும், புல்லில் நெருப்புத் துண்டைப் போடுகிறவனும் அக்காட்டில் வியர்வை சிந்தி நடந்தவனல்லன். நடந்து பழகியவனுக்கு மலைமேல் சொந்தம் பிறக்கும். சொந்தம் பிறந்தவன் காவல் காப்பான்.

ஆகவே, சர்க்காரும் சர்வகலாசாலைகளும் மலைக் கலாசாலை நிர்வாகிகளும் ஆலோசிப்பதற்காகச் சில யோசனைகளைச் சமர்ப்பிக்கிறோம்.

முதலாவதாக, மலைமேலுள்ள ஒவ்வொரு கலாசாலையிலும் மாணாக்கரே நடத்தும் மலைச் சங்கம் ஒன்று ஏற்பட வேண்டும். ஆசிரியர் அதற்கு ஆலோசகராக இருக்கட்டும், எஜமானராக வேண்டாம்.

இரண்டாவதாக, கலாசாலைக்கு இரண்டு ஆசிரியரும் நான்கு மாணாக்கரும், அவர்களில் பாதிப் பேர் பெண்களாக, டார்ஜிலிங்குக்கோ உத்தரகாசிக்கோ சர்க்கார் செலவில் பயிற்சிக்கு அனுப்பப்பட வேண்டும். திரும்பி வருகிறவர் மற்றவர்க்குக் கற்பிக்கக் கடமைப்பட்டவராவர்.

மூன்றாவதாக, வன இலாகாவினர் ஒவ்வொரு சங்கத்துக்கும் அருகிலுள்ள பாதை ஒன்றை ஒப்படைக்க வேண்டும். அதில் மண்டும் உண்ணிச்செடியையும் சீகை நாற்றையும் களைவதும், தீக்காலத்துக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்ட உதவுவதும், குப்பையை அகற்றுவதும் சங்கத்தாரின் பணி. உழைத்தவர்க்கே நடக்கும் உரிமை என்ற விதி நல்ல விதியாகும்.

நான்காவதாக, யானை போன தடத்தையும், மலைத்தேனீ கூடு வைத்த பாறையையும், மழைக்கு முன் மாறும் காற்றையும் கண்டறியும் பழங்குடிப் பெரியோர்களை, வழிகாட்டிகளாக மட்டுமன்றி ஆசிரியர்களாக அழைத்து, ஆசிரியர்க்குரிய மரியாதையும் சம்பளமும் அளிக்க வேண்டும்.

ஐந்தாவதாக, கயிறு, தலைக்கவசம், கூடாரம், மழைச் சட்டை, கம்பளிப் பை, தூக்குப் படுக்கை ஆகியவற்றைக் கலாசாலையே வாங்கி வைத்து இரவல் கொடுக்க வேண்டும். நல்ல காலணி வாங்க வசதியில்லை என்ற காரணத்தால் ஒரு பிள்ளையும் பின்தங்கிவிடலாகாது. இதற்கெல்லாம் ஆகும் செலவு, மலை நகரங்களில் கோடை விழாவுக்கு அமைக்கும் அலங்கார வளைவுகளின் செலவை மிஞ்சாது என்றே நாம் கருதுகிறோம்.

படிப்பு கெடாதா, உத்தியோகத்துக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்பது இயல்பே. நாள் முழுதும் கைபேசியின் திரையில் கண் புதைத்திருப்பதால் கெடாத படிப்பு, மாதத்தில் ஒரு ஞாயிறு மலைக்காற்றை உட்கொள்வதால் கெட்டுவிடுமா? பசியோடும் களைப்போடும் கடைசிப் பிடி சோற்றைத் தோழனுக்குப் பங்கிடப் பழகியவன், உச்சி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும் மேகம் திரண்டது கண்டு 'திரும்புவோம்' என்று சொல்லத் துணிந்தவன், எந்த உத்தியோகத்திலும் தலை நிமிர்ந்து நிற்பான். முன்னேறும் துணிவு பலருக்கு உண்டு. திரும்பும் துணிவை மலைதான் கற்பிக்கும்.

ஒரு திணைக்கே குறிஞ்சி என்று பெயர் வைத்து வாழ்ந்த மக்கள் நாம். மலையை அந்நியர் தமது உல்லாச ஸ்தலமாக ஆக்கிய காலம் போயிற்று. அதைப் பணமுள்ளோரின் உல்லாச ஸ்தலமாக மட்டும் விட்டுவிட நாம் சம்மதிக்கலாகாது. டார்ட்மத்தில் ஒரு மாணாக்கன் எழுதிய கடிதம் நூறாண்டுப் பாதையைத் திறந்தது. கல் பங்களாக் குன்றிலும், வால்பாறைத் தோட்டத்து நடுவிலும், கூடலூர்ச் சரிவிலும் அப்படியொரு கடிதத்தை எழுத இன்று எந்த மாணாக்கன், எந்த மாணாக்கி முன்வருவார்? வருவாராயின், அக்கடிதத்தைப் பிரசுரிக்க நமது பத்திரிகையின் பக்கம் காத்திருக்கிறது. அதை நிறைவேற்றி வைப்பது சர்க்காரின் கடமை.